ஒருநாள் விட்டு ஒருநாள் நோயாளி

கண்டி மலைநாட்டுப் பரஸ்பர தேகசுக பரிபாலன சங்கத்தில் சேருவதற்கு முதலாவது தகுதி, சுகமாக இருப்பது. இரண்டாவது தகுதி, சுகமாகவே இருந்துவிடுவது. முதலாவது, விதிப்புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. இரண்டாவதை எங்கும் அச்சடித்திருக்கவில்லை. அங்கத்தவர்கள் அவரவர் காலம் வரும்போது அதைத் தெரிந்துகொண்டார்கள்.

கட்டுகஸ்தோட்டை ரயில் ஸ்டேசனுக்குப் பக்கத்துத் தேயிலை ஸ்டோரில் பெட்டி தூக்கிய சுவக்கினுக்கு அந்தக் காலம் வர நாலு வருஷம் பிடித்தது.

அவனைச் சங்கத்தில் சேர்த்தவள் அவனுடைய மனைவி பெற்றீசியா. அவள் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அவளுடைய அப்பன் வயிற்றுக்கடுப்பில் படுத்தபோது, வேலைக்கு வராதவனுக்கு அரிசி இல்லை என்று கங்காணி சொல்லியனுப்பினார். அப்பன் எழும்பி வேலைக்குப் போனார். எழும்பாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று தோட்டத்து மருந்துக்காரர் பிறகு சொன்னார். அதைக் கேட்டபோது பெற்றீசியாவுக்குப் பதினொரு வயது. மனிதன் நோயினால் சாவதில்லை, நோயோடு எழும்பி நடப்பதால்தான் சாகிறான் என்று அன்றைக்கு அவள் மனதில் பதிந்துபோனது.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்தபோது, மாதா கோயில் வளவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த சங்கத்தார் சொன்னதை அவள் நின்று கேட்டாள். கொழும்பில் வெள்ளைக்காரக் கம்பனிகள் இருந்தன. அவை துரைமாரையும் பெரிய கிளாக்கர்மாரையும் மட்டுமே சேர்த்துக்கொள்ளும். இந்தச் சங்கம் நாட்கூலிக்காரனையும் சேர்க்கும். மாதம் ஒருநாட்கூலியைக் கட்ட வேண்டும். படுக்கையில் விழுந்தால் எழும்பும்வரை பாதிச் சம்பளம் வீடு தேடி வரும்.

"நல்லா இருக்கிறவன் எதுக்குடி காசு கட்டணும்?" என்றான் சுவக்கின்.

"நல்லா இருக்கப்பத்தாங்க கட்ட முடியும்" என்றாள் அவள்.

சங்கத்தின் வைத்திய ஆலோசகர் ஹென்றி ஐயா அங்கேயே அவனுடைய நாக்கைப் பார்த்தார். பலாப்பழம் வாங்குகிறவர்போல நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். 'பூரண சுகதேகி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். நாலு வருஷம் சுவக்கின் அந்த எழுத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு மாதமும் சந்தா தவறவில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்துநாலாம் ஆண்டு மழை பொய்த்தது. மகாவலி ஓடுவதை நிறுத்திவிட்டு மணலுக்கு நடுவில் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. குட்டைகளில் நுளம்பு பெருகியது. ஐப்பசி கடைசியில் ஊரில் வீட்டுக்கு ஒருவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். சுவக்கினுக்கும் வந்தது.

அவனுக்கு வந்தது முறைக்காய்ச்சல். ஒருநாள் மத்தியானம் பல் கிட்டிக்கொண்டு குளிர் வரும்; பிறகு உடம்பு நெருப்பாகும்; பொழுது சாயும்போது வியர்த்துக் கொட்டி அடங்கும். மறுநாள் ஒன்றும் இராது. முகம் வெளுத்து, கால் பஞ்சாகி இருப்பான், அவ்வளவுதான். அதற்கு மறுநாள் அதே நேரத்துக்குக் காய்ச்சல் திரும்ப வந்துவிடும். கட்டுகஸ்தோட்டையில் நேரம் தவறாமல் நடந்த காரியம் அது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

அரசாங்க மருந்துச்சாலையில் நீண்ட வரிசை. மருந்து கலக்குகிறவர் ஒரு யாழ்ப்பாணத்து மனிதர். போத்தலில் கொயினாத் தண்ணீரை ஊற்றிக்கொடுத்துவிட்டு, சுவக்கினின் கண்ணை இழுத்துப் பார்த்தார்.

"மருந்து நான் தாறன். அது சும்மா கிடைக்கும். ஆனால் ஒரு மாசம் ஒரு மூட்டை தூக்கக்கூடாது. படுக்கவேணும், நல்லாச் சாப்பிடவேணும். ஈரல் வீங்கிக் கிடக்குது. காய்ச்சல் இல்லாத நாளில எழும்பி வேலைக்குப் போனீரெண்டால், காய்ச்சல் கொல்லாது, வேலை கொண்டுபோடும்."

சுவக்கின் சிரித்தான். ஒரு மாதம் படுப்பது என்பது, அவன் பெட்டி பெட்டியாகச் சுமந்தும் குடிக்கக் கிடைக்காத தேயிலையைப் போன்றது. பெற்றீசியா சிரிக்கவில்லை. நாலு வருஷமாகக் கட்டியது இந்த ஒரு மாதத்துக்காகத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாளே, குழந்தை றீற்றாவைப் பக்கத்து அறை ஹவ்வா உம்மாவிடம் விட்டுவிட்டுக் கண்டிக்கு நடந்தாள். திருகோணமலை வீதியில் ஒரு மாடியில் சங்கத்தின் காரியாலயம் இருந்தது. படி செங்குத்தானது. மேலே போனவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். காரியதரிசி நவரட்ணராஜா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"நீர் ஆர்?"

"சுவக்கினோட பொஞ்சாதிங்க ஐயா. கட்டுகஸ்தோட்ட. நம்பரு நூத்திப்பதினேழு."

"ஓம், ஓம். ஒழுங்காச் சந்தா கட்டுற ஆள். இரும், அந்தக் கதிரையில. என்ன விஷயம்?"

"அவருக்குக் காச்சலுங்க. பத்து நாளாச்சு. படுத்துட்டாரு."

காரியதரிசியின் முகம் வாடியது. சங்கத்துக்கு இப்படிச் சொல்லிக்கொண்டு வந்தவர்களில் இவள் முதல் ஆள் அல்ல. ஏழு வருஷமாக வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகவே வருந்தினார். அதற்காகவே அவரைக் காரியதரிசியாக வைத்திருந்தார்கள்.

அவர் விதிப்புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்தார்.

"இது ஸ்கொத்லாந்து தேசத்தில நூறு வருஷமா நடக்கிற ஒரு சகாய சங்கத்தின்ர விதி. எங்கட தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா புரொக்டர் ஐயா சீமைக்குப் போனபோது கொண்டுவந்து, ஒரு எழுத்தும் பிசகாமல் தமிழாக்குவிச்சவர். எந்தெந்த நோய்க்குச் சகாயம் எண்டு இதில தெளிவா இருக்குது. வாசிக்கிறன், கேளும். உறைபனியில் விரல் மரத்தல். பனிக்கட்டியில் வழுக்கி எலும்பு முறிதல். குதிரை உதைத்தல். திமிங்கில வேட்டையில் கடலில் விழுதல். சுரங்கத்தில் நிலக்கரி மூடுதல்." அவர் நிமிர்ந்தார். "காய்ச்சல் இல்லை."

பெற்றீசியாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"காச்சல் இல்லீங்களா? ஊரெல்லாம் காச்சலுங்களே ஐயா."

"ஊரில இருக்குது. விதியில இல்லை." அவர் குரலைத் தாழ்த்தினார். உதவ வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்மையிலேயே இருந்தது. "குதிரை ஏதும் உதைச்சதோ?"

"இல்லீங்க."

"யோசிச்சுச் சொல்லும். குதிரையெண்டால் நான் இண்டைக்கே முடிச்சுத்தருவன்."

அவள் யோசித்தாள். கட்டுகஸ்தோட்டையில் குதிரை வைத்திருந்தவர் ஒரே ஒரு துரை. அவரும் மோட்டார் கார் வாங்கிக் குதிரையை விற்றுவிட்டார். பொய் சொல்வதற்கும் ஊரில் ஒரு குதிரை வேண்டியிருந்தது.

"இல்லீங்க ஐயா" என்றாள் மறுபடியும்.

காரியதரிசி பெருமூச்சு விட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே முப்பத்துநாலாம் விதி இருந்தது. 'இவை போன்ற ஏனைய கடும் நோய்களும், ஏழு நாட்கள் தொடர்ச்சியாக அங்கத்தவரை எழும்பவொட்டாது கிடத்துமாயின், விசாரணையாளர் நேரிற் கண்டு எழுதியபின், நிருவாக சபையின் சித்தப்படி.'

"ஏழு நாள், விடாமல்" என்றார் காரியதரிசி. "எங்கட விசாரணையாளர் அழகையா வந்து பார்ப்பார். போய்ச் சந்தோஷமா இரும்."

அவள் சந்தோஷமாகத்தான் படியிறங்கினாள். 'விடாமல்' என்ற சொல்லை அவள் கவனித்திருக்கவில்லை. நாலு மைல் நடந்து வீட்டுக்கு வந்து, சுவக்கினின் முகத்தைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது. அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் இல்லாத நாள். வாசலில் உட்கார்ந்து குழந்தைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தான்.

அழகையா நாலு நாள் கழித்து சைக்கிளில் வந்தார். மார்பில் சங்கத்தின் பித்தளை வில்லை, கையில் குடை, குடைக்குள் படிவம். நோயாளியின் வீட்டில் நோயாளி இல்லை. வீட்டில் அரிசியும் இல்லாததால், சுவக்கின் ஸ்டோருக்குப் போயிருந்தான். அழகையா அங்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, எழுதியதைப் பெற்றீசியாவுக்கு வாசித்துக் காட்டினார். அவள் கைநாட்டு வைக்க வேண்டுமே.

"அங்கத்தவர் வீட்டில் காணப்படவில்லை. வேலைத்தலத்தில் காணப்பட்டார். தோளில் பெட்டி காணப்பட்டது. நோய் காணப்படவில்லை."

"இன்னைக்குக் காச்சல் இல்லாத நாளுங்க" என்றாள் அவள். "நாளைக்கு வந்து பாருங்க, எப்புடி ஒதறுதுன்னு."

"நாளைக்கு எனக்கு நாவலப்பிட்டிம்மா. நாளான்னைக்கு வாறேன்."

"நாளான்னைக்குக் காச்சல் இருக்காதுங்களே."

அழகையா படிவத்தைப் பார்த்தார். காய்ச்சல் வருவதாகத் தேதி குறித்துச் சொல்லும் நோயாளிக்கு அதில் இடம் விட்டிருக்கவில்லை.

"அப்ப அவர வேலைக்குப் போகவேணாம்னு சொல்லுங்கம்மா."

"நீங்க காசு குடுத்தாத்தான அவரு வேலைக்குப் போகமாட்டாரு."

"அவரு வேலைக்குப் போகாட்டித்தாம்மா காசு."

இருவருக்கும் மற்றவர் சொல்வது விளங்கியது. அதனால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

அடுத்த வாரம் தற்செயலாக அவர் காய்ச்சல் நாளில் வந்தார். மூன்று சாக்கும் ஹவ்வா உம்மா கொடுத்த கம்பளியும் போர்த்திக் கிடந்த சுவக்கின் துள்ளிய துள்ளலில் கட்டிற்பலகை கடகடவென்று ஆடியது. அழகையா நல்ல மனிதர். குடையைக் கீழே வைத்துவிட்டு, காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். காய்ச்சல் இறங்கும்வரை இருந்தார். ஹவ்வா உம்மா கொத்தமல்லித் தண்ணி கொண்டுவந்து அவருக்கும் கொடுத்தாள்.

"பாத்தீங்கதானே தம்பி, இந்த மனிசன் படுற பாட்ட?" என்றாள். "இனியாவது அந்தப் பெரிய ஆக்களுக்கிட்டச் சொல்லி எதயாவது வாங்கிக் குடுங்க. அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்வான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: 'இன்று பகல் ஒரு மணி முதல் நாலரை மணி வரை நோய் இருந்தது. பின்னர் வியர்வை. வியர்வை நோயில் அடங்குமா என்பதைச் சபை தீர்மானிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

இரண்டு வாரத்துக்குப் பிறகு சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஸ்டோர் கணக்கப்பிள்ளை அதை வாசித்துச் சொன்னார். 'வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிருவாக சபை முன்னிலையில் தங்கள் நோயுடன் நேரிற் சமுகமளிக்கவும்.'

பெற்றீசியா விரலில் எண்ணிப் பார்த்தாள். சனிக்கிழமை காய்ச்சல் இல்லாத நாள்.

ஹவ்வா உம்மாவின் மகன் ஹபீல் தன் மாட்டுக் கரத்தையில் அவர்களை ஏற்றிக்கொண்டு போனான். மாடிப்படியில் சுவக்கின் நாலு இடத்தில் நின்றான். மேலே நீண்ட மேசைக்குப் பின்னால் சபையார் ஏழு பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா, கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாக. அவருக்கு வலப்புறம் வைத்திய ஆலோசகர் ஹென்றி ஐயா. அடுத்த மாதம் நடக்கவிருந்த மகாசபைக் கூட்டத்துக்கு ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்ததால், அறை முழுவதும் வர்ணக்கடதாசியும் சுருட்டிய கொடிகளும் கிடந்தன.

காரியதரிசி அறிக்கையை வாசித்தார். விசாரித்த பதினாலு நாளில் ஏழு நாள் நோய், ஏழு நாள் சுகம்.

"அப்ப ஏழு நாள் சரிதானே?" என்றார் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு வியாபாரி. புதிதாகச் சபைக்கு வந்தவர் அவர்.

"ஏழு இருக்குது. தொடர்ச்சி இல்லை" என்றார் காரியதரிசி.

"கூட்டிச் சேர்த்தால்?"

"நோயைக் கூட்டேலாது."

தலைவர் கையை உயர்த்தினார். நீதிமன்றத்தில் பழகிய கை. அது உயர்ந்தால் மற்றவர்கள் பேசுவதில்லை.

"கனவான்களே! இந்த அங்கத்தவரிடத்தில் எனக்குள்ள அனுதாபம் அளவிடற்கரியது. ஆயினும் நாம் இதயத்தாற் சிந்திக்கக்கூடாது. இவர் ஒருநாள் விட்டு ஒருநாள் நோயாளி. ஒருநாள் விட்டு ஒருநாள் சுகதேகி. நாம் சகாயம் கொடுத்தால், அதிற் பாதி ஒரு சுகதேகிக்கன்றோ போய்ச் சேரும்? சந்தா கட்டும் ஏழை எளியவர்களின் பணத்தைச் சுகதேகிகளுக்கு வாரி வழங்க நமக்கு ஏது அதிகாரம்? மேலும், நோய் வந்தவர்க்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போனால் நிதி கரையும். நிதி கரைந்தால் சங்கம் அழியும். சங்கம் அழிந்தால், நாளை உண்மையான நோயாளி ஒருவர் வருங்கால் நாம் எவ்வாறு உதவுவது? அந்த ஒருவருக்காகவே ஏழு ஆண்டுகளாகக் காத்திருக்கிறோம்."

சபையார் மேசையைத் தட்டினார்கள். பெற்றீசியாவுக்குப் பாதிச் சொற்கள் விளங்கவில்லை. ஆனால் அவர் முடித்த மாதிரியில் விஷயம் விளங்கிவிட்டது.

"ஐயா" என்றாள். "காச்சல் இல்லாத நாள்ள அவரப் படுக்க வைக்கத்தாங்க காசு கேக்குறோம். காச்சல் நாள்ள அவரு எப்புடியும் படுத்துத்தான கெடக்காரு. மருந்துக்கார ஐயாவும் அதத்தாங்க சொன்னாரு."

"நோயில்லாத நாளில் படுப்பதற்குப் பெயர் சோம்பல்" என்றார் தலைவர், அன்பாகவே. "சோம்பலுக்கு எந்தத் தேசத்திலும் சகாயம் கிடையாது, அம்மா."

புதிய வியாபாரி மட்டும் இன்னும் சமாதானமடையவில்லை. ஆளைப் பார்த்தால் இளைத்துக் கறுத்துப் போயிருக்கிறாரே என்றார். ஹென்றி ஐயாவின் முகம் சிவந்தது. நாலு வருஷத்துக்கு முன் பூரண சுகதேகி என்று எழுதியது அவர். அந்த எழுத்தைச் சங்கம் இன்னும் இரத்துச் செய்திருக்கவில்லை.

"சந்தேகம் இருந்தா இப்பவே சோதிச்சிடுவம்" என்றார் அவர். சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் ஒரு பெரிய தேக்கு அலுமாரி நின்றது. மகாசபைக்கு வரப்போகிற வெள்ளிக் கேடயத்தை வைக்க அந்த மூலை தேவையென்று காரியதரிசி இரண்டு வாரமாக ஆள் தேடிக்கொண்டிருந்தார். "சுவக்கின், இந்த அலுமாரிய அந்தச் செவத்துப் பக்கம் வைங்க பாப்பம்."

"வேணாங்க!" என்று பெற்றீசியா எழும்பினாள். "தூக்காதீங்க! முடியலேன்னு சொல்லுங்க!"

அவளுடைய கை அவனுடைய சட்டையை எட்டவில்லை. அதற்குள் அவன் நடந்துவிட்டான். பதினைந்து வருஷமாக யாராவது ஒரு சாமானைக் காட்டி 'இத அங்க வை' என்றால் வைத்தவன். அலுமாரிக்குக் கீழே தோளைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்த்து எழுப்பினான். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. நாலு அடி. ஐந்து அடி. சத்தமே இல்லாமல் சுவரோரம் இறக்கி வைத்தான். ஒரு கீறலும் விழவில்லை. பிறகு, பழக்கத்தினால், அது நேராக நிற்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தான்.

அறையில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. ஹென்றி ஐயா அவனுடைய முதுகில் தட்டிக்கொடுத்தார். "நான் அன்னைக்கு எழுதினதுதான் இன்னைக்கும்." காரியதரிசி எழுதிக்கொண்டார்: 'நோயாளி அலுமாரியை நகர்த்தினார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அங்கத்தவருக்குச் சபையின் வாழ்த்துக்கள்.'

படியிறங்கும்போது சுவக்கினின் கால் மடிந்தது. கடைசி ஆறு படியையும் அவன் உட்கார்ந்தவாறே இறங்கினான். கரத்தையில் வைக்கோல்மேல் சாய்த்து, முந்தானையால் அவனுடைய முகத்தைத் துடைத்தாள் பெற்றீசியா. திட்ட வேண்டும்போல இருந்தது. திட்டவில்லை.

"ஏங்க தூக்குனீங்க?"

"சொன்னா கை தானா போயிடுது புள்ள" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல தேக்கு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தது. திங்கட்கிழமை வரவில்லை. வீட்டில் ஹவ்வா உம்மா கொடுத்த அரிசியும் முடிந்திருந்தது. அவள் தடுத்துப் பார்த்தாள். கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். "பிள்ள பசியில அழுவுது பாரு" என்று அவன் அவளைத் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்திவிட்டுப் போனான். அந்த மெதுவைத்தான் பிறகு அவளால் மறக்க முடியவில்லை. அலுமாரியை நகர்த்தியது போலவே, ஒரு கீறல் விழாமல் நகர்த்தினான்.

நாலு பெட்டி ஏற்றினானாம். ஐந்தாவது தோளில் இருக்கும்போது ஸ்டோர் வாசலில் விழுந்தான். கூட வேலைசெய்த சின்னமுத்துவும் இன்னும் மூன்று பேரும் அவனைப் பலகையில் கிடத்தித் தூக்கிவந்தார்கள். சாமியார் வந்து, சாகும் தறுவாயில் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசினார். மாலைத் திரிகால மணி அடிக்குமுன் உயிர் போய்விட்டது. காய்ச்சல் இல்லாத நாளில்.

மறுநாள் காலை, பெற்றீசியாவின் வாசலில் பாண்டு வாத்தியம் கேட்டது.

சந்தா பாக்கி இல்லாத அங்கத்தவர் இறந்தால் சங்கம் கொடியோடு வர வேண்டும் என்பது விதி. இந்த விதியைச் சங்கம் ஒருநாளும் மீறியதில்லை. தோளில் நீலப் பட்டி அணிந்த பன்னிரண்டு பேர் வந்தார்கள். இரண்டு ஆள் பிடிக்கும் பட்டுக்கொடி வந்தது; அதில் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துத் தூக்குவதுபோலப் பொன்னூலில் தைத்திருந்தது. மோட்டார் காரில் தலைவர் வந்தார். மலர்வளையம் தனியாக இன்னொரு காரில் வந்தது. சவப்பெட்டியைக் கோயில் தர்மப் பெட்டியிலிருந்து கொடுத்தார்கள். அதற்கு விதியில் இடமில்லை.

இவ்வளவு பெரிய ஊர்வலத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை. சவக்காலையில் சாமியார் ஜெபம் முடித்ததும் தலைவர் முன்னே வந்தார்.

"சகோதரர்களே! நமது அங்கத்தவர் சுவக்கின் அவர்கள், சென்ற சனிக்கிழமைதான் சபை முன்னிலையிற் பூரண சுகதேகியென நிரூபிக்கப்பட்டார். அச்சுகத்துடனேயே அவர் நம்மைப் பிரிந்திருக்கிறார். இது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சங்கம் தொடங்கி இந்த ஏழு ஆண்டுகளில் நமது அங்கத்தவர்களில் ஒருவரேனும் நோயுற்றதில்லை என்பதை இவ்விடத்திற் பெருமையுடன் கூறுகிறேன். இறந்தவர்கள் உண்டு. இருபத்தொன்பது பேர். ஆனால் நோயுற்றவர்? ஒருவருமில்லை! நமது சகாய நிதி, வைத்தது வைத்தபடியே இருக்கிறது. இத்தீவில் இப்படியொரு ஆரோக்கியமான சங்கம் வேறில்லை என்றுதான் நமக்கு வெள்ளிக் கேடயம் வருகிறது!"

நீலப் பட்டிக்காரர்கள் கைதட்டினார்கள். சவக்காலையில் கைதட்டலாமா என்று தெரியாமல் மற்றவர்களும் இரண்டு தட்டுத் தட்டினார்கள்.

பெற்றீசியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, நோயே இல்லேன்னா அவரு எதுனாலங்க செத்தாரு?"

தலைவர் தொப்பியைக் கழற்றுகிறவர்போலத் தலைப்பாகையைத் தொட்டார். அவருக்குக் கோபம் வரவில்லை.

"அம்மா, நோய் வேறு, மரணம் வேறு. மரணம் ஆண்டவனுடைய இலாகா. நமது சங்கம் அதில் தலையிடுவதில்லை."

அவர் காரில் ஏறினார். மலர்வளையம் வந்த கார் வெறுமையாகப் பின்னால் போனது.

தை மாதத்தில் காய்ச்சல் இன்னும் மோசமானது. ஸ்டோரில் சாக்குத் தைக்கும் வேலை பெற்றீசியாவுக்குக் கிடைத்தது. சாக்குத் தைத்தவள் செத்துப்போயிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனபோது, வாசலில் அந்தப் பட்டுக்கொடியைப் பார்த்தாள். கீழே மேசை, மேசைக்குப் பின்னால் நவரட்ணராஜா. பக்கத்தில் ஹென்றி ஐயா நெஞ்சு நெஞ்சாகத் தட்டிக்கொண்டிருந்தார். மேசையிலிருந்து பாலம் வரைக்கும் வரிசை நின்றது. அவ்வளவு கூட்டத்தை நாலு வருஷத்துக்கு முன் கோயில் வளவில் அவள் பார்த்ததில்லை.

வரிசையின் நடுவில் சின்னமுத்து நின்றான். சுவக்கினைப் பலகையில் தூக்கிவந்தவன். குழியில் மண் தள்ளியவன்.

"அண்ணே" என்றாள். "நீங்களுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியும் தங்கச்சி. எல்லாம் தெரியும்."

"தெரிஞ்சுமாண்ணே? ஒங்க கண்ணு முன்னாலதான நடந்துச்சு."

"வேற என்ன இருக்கு, சொல்லு. கம்பனிக்காரன் நம்மளச் சேப்பானா? ஸ்டோர் தொர குடுப்பாரா? நாளைக்கு நான் படுத்துட்டா, எம் பொஞ்சாதி போயி நின்னு கேக்குறதுக்கு ஒரு வாசலாவது வேணுமில்ல."

அவனுக்கு முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அவளைத் தெரிந்திருந்தது. ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை. நவரட்ணராஜா அவளைக் கண்டு எழும்பி, "பாருங்கோ, எங்கட காலஞ்சென்ற அங்கத்தவரின்ர பெண்சாதியே வந்து நிக்குது!" என்று உரக்கச் சொன்னார். சிலர் தலைத்துண்டை எடுத்தார்கள்.

பெற்றீசியாவுக்கு அவர்களைக் கையைப் பிடித்து இழுக்கலாம் என்றிருந்தது. இழுத்து எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரியவில்லை. பிறகு சின்னமுத்துவின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திச் சொல்லத் தொடங்கினாள்.

"அப்பன்னா இதக் கேட்டுக்கங்கண்ணே. காச்சல் விட்ட நாள்ளயும் எந்திரிக்காதீங்க. ஏழு நாள், விடாம. பீலியில தண்ணி எடுக்கக்கூடப் போகாதீங்க. சைக்கிள் மணி கேட்டா ஒதறுங்க. வேர்த்தா தொடச்சிருங்க, வேர்வை சேருமான்னு அவங்களுக்கே தெரியாது. அங்க கூப்புட்டு எதயாவது தூக்கச் சொன்னா, கீழ விழுந்துருங்க. தூக்கிராதீங்கண்ணே. தயவுசெஞ்சு தூக்கிராதீங்க."

அடுத்தவனிடம் போனாள். அதற்கடுத்தவனிடம் போனாள். வரிசை நெடுகிலும் நடந்து ஒவ்வொருவருக்கும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஜெபம் படிப்பதுபோல அவர்கள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். மேசையிலிருந்து பார்த்த காரியதரிசி, விதவை ஆள் சேர்த்துக்கொடுக்கிறாள் என்று எண்ணிப் பூரித்துப்போனார்.

பாலத்தடியில் கடைசியாக நின்றவள் ஒரு நடுத்தர வயதுப் பெண். பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பெற்றீசியா சொன்னதை எல்லாம் முழுவதுமாகக் கேட்டாள்.

"சரி தங்கச்சி" என்றாள். "ஏழு நாள் எந்திரிக்காமக் கெடக்குறேன். அந்த ஏழு நாளும் அடுப்பு எப்புடி எரியும்?"

முன்னால் யாரோ ஒருவனைப் பூரண சுகதேகி என்று ஹென்றி ஐயா சத்தமாகச் சொன்னார். வரிசை ஓர் அடி நகர்ந்தது. அந்தப் பெண்ணும் ஓர் அடி முன்னால் வைத்தாள்.